பயிர்களின் பூர்வீகம் – 9: மலாக்காவின் விதைவாழை

செம்பனைக் காட்டு ஓரத்தில், ஓடைக்கரையில் நிற்கும் காட்டு வாழையின் பழத்தை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சதை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மிளகு போலக் கறுத்து இறுகிய விதைகள். வௌவால் தின்னும், நாம் தொடமாட்டோம். மறுநடவுக்குக் காடு திருத்தும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

1893இல் இதற்கு மூசா மலாக்கென்சிஸ் என்று பெயரிட்டவர் ஹென்றி ரிட்லி. ரப்பர் நடச் சொல்லி எல்லாரையும் வற்புறுத்திய அதே சிங்கப்பூர்ப் பூங்கா ரிட்லிதான். அவர் சொல் கேட்டு, மலாக்காவின் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் அசகானிலும் ரப்பர் நட்டார். பால்மரத்தைத் தொடர்ந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். லயத்துக் கொல்லைகளில் வாழைக்கன்றும் ஊன்றினார்கள்.

கொல்லை வாழைக்கு ஏன் விதை இல்லை? காட்டு வாழையில் 11 குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக, மொத்தம் 22 இருக்கும். பெராங்கானிலும் ரஸ்தாளியிலும் மூன்று தொகுதி, 33. மூன்று தொகுதிகள் ஒழுங்காக ஜோடி சேர முடியாது. அதனால் மகரந்தமும் சூலும் சரிவர உருவாவதில்லை, விதை பிடிப்பதில்லை. பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள், விதையாகாமல் போனவற்றின் மிச்சம். ரஸ்தாளியின் மூன்றில் இரண்டு தொகுதி மலாக்கென்சிஸ் சேர்ந்த அக்குமினாட்டா இனத்துடையது. மூன்றாவது, பல்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழையுடையது.

விதை இல்லாதது நமக்கு வசதி, வாழைக்கு ஆபத்து. தலைமுறை தலைமுறையாகப் பக்கக்கன்றே நடுவதால், ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும். ரஸ்தாளி வைத்தவர்களுக்கு வாடல் நோய் தெரியும்: அடியிலை மஞ்சளாகி மடிந்து தொங்கும், தண்டின் அடி வெடிக்கும், வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடுகள். ஃபியூசேரியம் என்ற அந்தப் பூஞ்சை மண்ணில் பல்லாண்டு கிடக்கும். அதன் டிஆர்4 வகை, உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் வாழையையே அழித்துவருகிறது.

2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் வாழையின் மரபணுத் தொகுதி முதன்முதலாகப் படிக்கப்பட்டது. எடுத்துக்கொண்டது பகாங் என்ற மலாக்கென்சிஸ் வகை. மொத்தம் 52 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள், 36,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். வாழையின் முன்னோர்களில் மூன்று முறை முழுத் தொகுதியுமே இரட்டித்திருந்த தடமும் அதில் தெரிந்தது. 2021இல் ஐந்து குரோமோசோம்களை நுனி முதல் நுனிவரை இடைவெளியின்றிப் படித்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேலின் குழு, நோய் தாங்கும் ஒரு மலாக்கென்சிஸ் வாழையிலிருந்து ஆர்ஜிஏ2 என்ற மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்தது. அந்த வாழை டிஆர்4 பூஞ்சை நிறைந்த வயலிலும் நின்றது. 2024இல் அந்நாட்டில் அதைப் பயிரிடவும் உண்ணவும் அனுமதி கிடைத்தது.

மலாக்கென்சிஸ் எல்லாமே நோயைத் தாங்குவதில்லை. சில தாங்கும், சில சாயும். எது தாங்கும் என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே ஜாசின், அலோர் காஜா பக்கம் நிலம் வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: ஓடைக்கரை விதைவாழையை அடியோடு அழிக்காதீர்கள், ஒரு புதராவது நிற்கட்டும்.