கைபேசியின் மேல்திரை: யாருக்கு முதலிடம்?

சந்தாபுராவில் இன்று கைபேசி இல்லாத தமிழ்க் குடும்பம் இல்லை. பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஆனேக்கல் சாலையில் கடை வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் என்று எல்லோர் கையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் மேல் விளிம்பில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் இறங்கி வருகிறதே ஒரு திரை, அதைத் தம் குடும்பத்துக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

சங்கக் கூட்டம் முடிந்ததும், "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கைபேசியை நீட்டுகிற அன்பர்கள் உண்டு. திரையை இழுத்துப் பார்ப்பேன். தள்ளுபடி விற்பனை, சீட்டாட்ட அழைப்பு, கடன் தருகிறோம் என்ற வலை, யாரோ ஒருவரின் பிறந்தநாள். இவற்றுக்கெல்லாம் அடியில், ஊரிலிருந்து அம்மா அழைத்த அழைப்பு கிடக்கும். இந்த வரிசையை வகுத்தவர்கள் கைபேசி செய்தவர்களும் செயலி விற்பவர்களும். ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு வேண்டிய வரிசை வேறு. அதை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வந்த வழி

2008இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே அறிவிப்புத் திரை இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2011இல் தன் ஐபோனிலும் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வைஃபை, புளூடூத் போன்றவற்றை ஒரே தொடுதலில் இயக்கும் சிறு கட்டங்கள், அதாவது விரைவு அமைப்புகள், ஆண்ட்ராய்டில் 2012இலும் ஐபோனில் 2013இலும் வந்தன. எந்தக் கட்டம் எங்கே இருக்கவேண்டும் என்று நாமே மாற்றும் வசதி ஆண்ட்ராய்டின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் கிடைத்தது. ஐபோனில் 2017இல் கட்டங்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2024இல் விரும்பிய இடத்தில் வைக்கவும் முடிந்தது.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2013இல் ஆண்ட்ராய்டுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் தமிழும் கன்னடமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆகவே ஊரிலிருக்கும் அப்பாவின் ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்தத் திரை முழுவதையும் தமிழில் வைக்கலாம். பக்கத்து வீட்டுக் கன்னட நண்பருக்கும் அவர் மொழியில் அதே வசதி உண்டு.

கட்டங்களை அடுக்குதல்

ஆண்ட்ராய்டு கைபேசியில் மேல்திரையை இரண்டு முறை இழுத்தால் எல்லாக் கட்டங்களும் தெரியும். அங்கே ஒரு பென்சில் படம் இருக்கும். சில நிறுவனக் கைபேசிகளில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் திருத்தும் வசதி வரும். பிறகு கட்டத்தை அழுத்திப் பிடித்து வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். முதல் வரிசையில் இருப்பவை ஒரே இழுப்பில் தெரியும். ஆகவே அன்றாடம் தேவைப்படுபவற்றை அங்கே வையுங்கள். மின்சாரம் போனால் டார்ச். காய்கறிக் கடையில் பணம் செலுத்த க்யூஆர் ஸ்கேனர். பிள்ளைகளின் படிப்புக்கு இணையத்தைப் பகிர ஹாட்ஸ்பாட். பேட்டரியைச் சேமிக்கும் கட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் வரிசையிலிருந்து நீக்கவேண்டியதும் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஓர் அன்பர், அரூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள் மாலை அவருடைய சிறுவன் விளையாடக் கைபேசியை வாங்கியபோது 'தொந்தரவு வேண்டாம்' என்ற கட்டத்தில் விரல் பட்டுவிட்டது. அன்றிரவு ஊரில் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தங்கை ஏழு முறை அழைத்தும் மணி ஒலிக்கவில்லை. விடியற்காலையில்தான் இவர் பார்த்தார். அதற்குள் உறவினர்கள் பெரியவரைத் தர்மபுரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அவர் இன்று நலம். "அண்ணன் போன எடுக்கவே இல்லையே" என்று தங்கை அழுததுதான் அந்த அன்பரை இன்னமும் உறுத்துகிறது.

இதற்கு மருந்து எளிது. அந்தக் கட்டத்தை இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். பிறகு அதை அழுத்திப் பிடித்தால் விதிவிலக்குகள் வரும். அம்மா, அப்பா, உடன்பிறந்தோர் எண்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு, நட்சத்திரமிட்டவர்கள் அழைத்தால் மணி ஒலிக்கலாம் என்று அனுமதியுங்கள். ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கச் செய்யும் வசதியும் ஆண்ட்ராய்டில் உண்டு. ஐபோனில் அந்த இடைவெளி மூன்று நிமிடம். இரவுப் பணிமுடித்துப் பகலில் உறங்குகிற தொழிலாளத் தோழர்களுக்கு இது பெரிய வரம். நிம்மதியாகத் தூங்கலாம், அவசர அழைப்பும் தவறாது.

அறிவிப்புகளைச் சலித்தல்

2017 முதல் ஆண்ட்ராய்டில் ஒரே செயலியின் அறிவிப்புகளையும் வகைவகையாகப் பிரிக்க வழியுண்டு. உங்கள் வங்கிச் செயலியில் பணப் பரிமாற்றச் செய்தி ஒரு வகையாகவும் விளம்பரம் இன்னொரு வகையாகவும் பிரிக்கப்பட்டிருந்தால், முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை மட்டும் நிறுத்திவிடலாம். தொல்லை தரும் அறிவிப்பு வந்ததும் தள்ளிவிடாதீர்கள். அதை அழுத்திப் பிடியுங்கள். நிறுத்தும் பொத்தான் அங்கேயே இருக்கும். 2022இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு முதல், புதிய செயலிகள் அறிவிப்பு அனுப்ப நம் அனுமதியைக் கேட்டாகவேண்டும். கேட்கும்போது யோசித்து விடை சொல்லுங்கள். விளையாட்டுச் செயலிக்கு அனுமதி எதற்கு?

வாட்ஸப்பில் அம்மா அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'முன்னுரிமை' என்று குறித்தால், அது எப்போதும் வரிசையின் தலையில் நிற்கும். ஆண்ட்ராய்டில் 2020 முதல் இவ்வசதி உண்டு. கைதவறி ஓர் அறிவிப்பைத் தள்ளிவிட்டால், 'அறிவிப்பு வரலாறு' என்ற பகுதியில் ஒரு நாள்வரை அது கிடைக்கும். ஆனால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்கவேண்டும்.

பூட்டிய திரையில் கவனம்

வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் பூட்டிய திரையில் முழுவதும் தெரிந்தால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் படிக்கலாம். அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குப் போய், பூட்டிய நிலையில் உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல கைபேசிகளில் பூட்டைத் திறக்காமலே மேல்திரையை இறக்க முடிகிறது. கைபேசியைத் திருடியவன் முதலில் தொடுவது விமானப் பயன்முறையைத்தான். இணையத் தொடர்பு அறுந்தால் கைபேசி இருக்குமிடத்தை நாம் தேடுவது கடினமாகிவிடும். ஐபோனில் கடவுக்குறியீட்டுப் பகுதியிலும், சாம்சங்கில் பூட்டுத்திரை அமைப்புகளிலும் இதைத் தடுக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் செய்யாத பணப் பரிமாற்றச் செய்தி என்றைக்காவது திரையில் வந்தால், தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.

நிறுத்தக் கூடாதது

எல்லாவற்றையும் அடக்கிவிடும் ஆர்வத்தில், அரசின் பேரிடர் எச்சரிக்கையை நிறுத்திவிடாதீர்கள். 2023 அக்டோபரில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பலருடைய கைபேசிகள் ஒரே நேரத்தில் உரக்க ஒலித்தது நினைவிருக்கலாம். அது அம்முறையின் சோதனை. அந்தந்தப் பகுதியின் கோபுரத்திலிருந்து அங்குள்ள கைபேசிகள் அனைத்துக்கும் போகும் செய்தி அது. ஊரில் புயலோ வெள்ளமோ வரும்போது, நாம் இங்கிருந்து அழைக்குமுன் அம்மா அப்பாவுக்கு அதுவே எச்சரிக்கை தரக்கூடும்.

அன்பர்களே, பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது துணிமணியும் பலகாரமும் கொண்டுபோகிறோம். இந்த முறை அரைமணி நேரம் ஒதுக்கி, பெற்றோரின் கைபேசியையும் கையில் எடுங்கள். மொழியைத் தமிழாக்குங்கள். விளம்பரங்களை நிறுத்துங்கள். பிள்ளைகள் எண்களுக்கு நட்சத்திரம் இடுங்கள். நீங்களே எல்லாம் செய்துமுடிக்காமல், "அம்மா, நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்க" என்று அவர்கள் விரலாலேயே செய்யவிடுங்கள். நாம் இங்கே திரும்பிவந்த பிறகு அந்தத் திரையை இழுக்கப்போவது அவர்கள்தானே!