படகு மோட்டார் குளிர்வது எங்ஙனம்?

தமிழ்நாட்டில் இராயபுரம் என்னும் பெயர் தாங்கிய பகுதிகள் பல. அவற்றுள் யாவரும் அறிந்தது சென்னை இராயபுரம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் அதனை அடுத்துள்ளது. யான் பிறந்து வளர்ந்ததோ திருப்பூர் இராயபுரம். ஊர்ப்பெயரைச் சொன்னவுடன், "அப்படியாயின் உனக்குப் படகு ஓட்டத் தெரியுமே" என விடுதி நண்பர் கூறுவது வழக்கம். எங்கள் இராயபுரத்திற் கேட்பது அலையோசை அன்று. பனியன் துணி பின்னும் பொறிகளின் ஓசையே. நொய்யலாறு ஊரினூடே செல்லினும், அதிற் படகு செல்லக் கண்டவன் அல்லேன்.

இத்தகைய யான், சென்ற விடுமுறையிற் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் வாழும் நண்பனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவன் தந்தையார் மணலிற் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு சிறு படகு மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். அதன் தலைப்பாகத்தைச் சுற்றிலும் செதில் செதிலாகத் தகடுகள் இருந்தன. காற்றாற் குளிரும் வகை அது என்பது பார்த்த அளவில் விளங்கிற்று. ஆயினும் அதன் அடிக்காலிலிருந்து அவர் வெளியே எடுத்தது, நீரை இறைக்கும் ஒரு ரப்பர்ச் சக்கரம்! "காற்றாற் குளிரும் மோட்டாருக்கு நீர்ப்பம்பு எதற்கு, மாமா?" என்று கேட்டேன். அவர் நகைத்து, "தலைக்குக் காற்று, காலுக்குத் தண்ணீர், மக்களே" என்றார். அம்மறுமொழியின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், மோட்டாரைக் குளிர்விக்க வேண்டுவது ஏன் என்பதை நோக்குவோம். சிறு பெட்ரோல் மோட்டாரில், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே உருப்படியான வேலையாகின்றது. எஞ்சியதில் ஒரு பெரும் பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பெரும் பகுதி சிலிண்டரின் சுவரிலும் தலையிலும் ஏறும். எரியும் கணத்தில் உள்ளிருக்கும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்படும். பிஸ்டனுக்கு முதற்பொருளாகிய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். உருகும் நிலை வருமுன்னரே கேடு தொடங்குகின்றது. சூட்டினாற் பிஸ்டன் பருக்கும். எண்ணெய்ப் படலம் எரிந்துபோகும். பின்னர் உலோகம் உலோகத்தை உரசிப் பற்றிக்கொள்ளும். இதனையே மெக்கானிக்குகள் 'ஜாம் ஆகிவிட்டது' என்பர்.

இவ்வுண்மையை யான் கடற்கரையிற் கற்கவில்லை. சிறுவனாய் இருந்தபோது கிணற்றடியிற் கற்றேன். என் அப்புச்சியின் தோட்டத்திற்கு மின்னிணைப்பு இல்லை. ஆயில் இஞ்சின் கொண்டே நீர் இறைத்தார். அவ்விஞ்சின் இறைத்த நீர் பெருங்குழாய் வழியே வாய்க்காலுக்குச் செல்லும். அப்பெருங்குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து, இஞ்சினின் சிலிண்டரைச் சுற்றியுள்ள உறைக்குள் நீரைச் செலுத்தும். அந்நீர் சூட்டை வாங்கிக்கொண்டு, வெதுவெதுப்பாய் வெளியே விழும். தான் இறைக்கும் நீராலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் பொறி அது. "கண்ணு, இந்தத் தண்ணீர் நின்றால் உடனே என்னைக் கூப்பிடு" என்பது எனக்கு இடப்பட்ட ஒரே வேலை. ஒருநாள் யான் பட்டம் விடும் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். பாசி அடைத்து அச்சிறு தாரை நின்றது. சிறிது நேரத்தில் இஞ்சினும் நின்றது. அதனைச் செப்பஞ்செய்து மீட்பதற்குள் மிளகாய்ப் பயிரிற் பாதி வாடிவிட்டது. அப்புச்சி என்னை ஒரு சொல்லும் வைதிலர். அஃதே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று.

இனி, வெப்பத்தை அகற்றுவதில் நீரும் காற்றும் எத்துணை வேறுபட்டவை என்பதைக் காண்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க வேண்டும் வெப்பம், ஒரு லிட்டர் காற்றை அவ்வாறு சூடாக்க வேண்டுவதைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்காகும். எனவே சிறிதளவு நீர் செய்யும் வேலையைச் செய்வதற்குப் பெருங்காற்று வீச வேண்டும். கடலில் மிதக்கும் மோட்டாருக்கு நீருக்குப் பஞ்சமில்லை. ஆதலின் பெரும்பாலான படகு மோட்டார்கள் நீராற் குளிர்வனவாகவே அமைந்தன.

படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டப்படும் இவ்வகையினை 'அவுட்போர்டு மோட்டார்' என்பர். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் என்பார் 1906-ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். நார்வே நாட்டிற் பிறந்து மில்வாக்கி நகரிற் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் என்பாரின் மோட்டார் 1909 முதற்கொண்டு பெரிதும் பரவிற்று. நம் குமரிக் கடற்கரையில் 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகளோடு இம்மோட்டார்களும் பெருகின.

நீராற் குளிரும் அவுட்போர்டு மோட்டாரின் தலை மேலே இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட கால் கீழே கடலுக்குள் இறங்கும். காலின் அடியிற் புரொப்பெல்லர் சுழலும். தலையிலிருந்து அடி வரை செல்லும் நெட்டச்சே, வழியிற் பம்பையும் சுழற்றுகின்றது. அப்பம்பினுள் இருப்பது 'இம்பெல்லர்' எனப்படும் ரப்பர்ச் சக்கரம். அதன் இதழ்கள் வளையத்தக்கவை. சக்கரம் தன் கூட்டின் நடுவில் இராமல் ஒருபக்கமாக ஒதுங்கி இருக்கும். இடம் அகன்ற பக்கத்தில் இதழ்கள் விரிந்து நீரை உறிஞ்சும். இடம் குறுகிய பக்கத்தில் மடங்கி அந்நீரை மேலே பிதுக்கும். அவ்வாறு ஏறிய நீர் சிலிண்டரைச் சுற்றி வந்து கடலிற் கலக்கும். அதில் ஒரு சிறு பகுதி மட்டும் மோட்டாரின் புறத்தேயுள்ள துளை வழியாகத் தாரையாகப் பீறிடும். அத்தாரையைக் கண்டு பம்பு வேலை செய்கின்றது என்று அறியலாம். எங்கள் தோட்டத்து வெதுவெதுப்பான தாரைக்கு இது தம்பி முறை.

அங்ஙனமாயின் காற்றாற் குளிரும் மோட்டார் ஏன் தோன்றிற்று? சிறியது விரைவில் ஆறும் என்பதே காரணம். பானைக் காப்பியினும் தம்ளர்க் காப்பி முன்னர் ஆறுகின்றதன்றோ? உடலின் பருமனுக்கு மேற்பரப்பு மிகுதியாய் இருப்பதால் அவ்வாறு நேர்கின்றது. சிறு சிலிண்டருக்கும் அவ்விதியே. மேலும், செதிற்றகடுகள் அம்மேற்பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. மோட்டார் சைக்கிளுக்கு ஓடும் வேகமே காற்றைத் தரும். மெல்லச் செல்லும் படகுக்கு அவ்வசதி இல்லை. ஆகையால் மோட்டாரின் வீல் சக்கரத்திலேயே விசிறி அமைத்து, மூடியினாற் காற்றை மடக்கித் தகடுகளின் இடையே செலுத்துகின்றனர். உப்புநீர் சிலிண்டரை அரிப்பதும், மணல் வழியை அடைப்பதும் இதில் இல்லை, எடையும் குறைவு.

சிலிண்டரின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டது. புகையின் சூடு யாது ஆயிற்று? பல நூறு பாகை வெப்பத்தோடு வெளிவரும் புகை, பல மோட்டார்களிற் காலின் உட்புறமாகவே இறங்கி நீரடியில் வெளியேறுகின்றது. விசிறியின் காற்று அக்காலுக்குள் எட்டாது. காலின் கீழ்ப்பகுதியைக் கடலே நனைத்துக் குளிர்விக்கும்; நீர்மட்டத்திற்கு மேலுள்ள பகுதியோ வறண்டு கிடக்கும். அங்கே ரப்பர் வளையங்களும் பூச்சும் கருகலாம். தொடுவார் கையும் சுடலாம். எனவே சில சிறு மோட்டார்களிற் காலடியில் ஒரு பம்பு வைத்துப் புகைவழியைச் சுற்றி நீரை ஏற்றுகின்றனர். புகை குளிர்ந்து சுருங்குவதால் ஓசையும் தணிகின்றது. இவ்வேலைக்குக் கொஞ்ச நீரே போதும். 'தலைக்குக் காற்று, காலுக்குத் தண்ணீர்' என்ற மொழியின் பொருள் இதுவே.

பம்பே இல்லாத வகையும் உண்டு. நம் கடற்கரையிற் பல வள்ளங்களிற் காணப்படும் 'லாங் டெயில்' என்பது அது. காற்றாற் குளிரும் டீசல் இஞ்சின் படகின்மேல் இருக்கும். நீண்ட தண்டு ஒன்றே வால்போல நீருக்குள் செல்லும். புகை மேலேயே வெளியேறிவிடுவதால், அதற்கு நீர் வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, 'காற்றாற் குளிர்வதுதானே' என்று எண்ணிப் பம்புள்ள மோட்டாரைக் கரையில் உலர்ந்தபடியே ஓட்டுவது. ரப்பர் இதழ்களுக்கு நீரே வழுவழுப்பைத் தருவது. அது இல்லாவிடிற் சிறு பொழுதில் அவை தேய்ந்து கிழிந்துவிடும். இரண்டாவது, தாரை நன்றாக வருகின்றது என்று நம்பித் தலையை மறந்துவிடுவது. அவ்வகை மோட்டாரில் தாரை காலின் நலத்தையே கூறும். தகடுகளுக்கிடையே உப்பும் எண்ணெய் அழுக்கும் அடைந்திருப்பதை அது கூறாது. ஆகவே தகடுகளைத் துடைத்தலும், கரை சேர்ந்தபின் பம்பின் வழியே நன்னீர் ஓடவிடுதலும் ஆகிய இரண்டும் வேண்டும். நன்னீர் ஓடாவிடின், எங்கள் ஊர்க் கொதிகலன்களிற் காரை படிவதுபோல அங்கே உப்புப் படியும்.

நிலத்தில் இஞ்சின் நின்றாற் பயிர் வாடும். கடலில் நின்றாலோ, காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையிற் படகு போகும். நண்பனின் தந்தையார் ஒருநாட் கரை கண்ணுக்கு மறைந்த தொலைவில் தாரை மெலிவதைக் கண்டாராம். அக்கணமே மோட்டாரை நிறுத்தி, காலை மேலே தூக்கிப் பார்த்தார். நீர் புகும் துளையை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருந்தது. அதனைக் கையால் எடுத்தெறிந்து, மீண்டும் மோட்டாரை இயக்கிக் கரை சேர்ந்தார். இன்னுஞ் சிறிது பொறுத்திருந்தால் யாது நேர்ந்திருக்குமோ என்பதை அவர் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர்ச் சக்கரமும், விரற்கடை அளவான ஒரு நீர்த்தாரையும், படகையும் அதில் உள்ளாரையும் கரை சேர்க்கின்றன. பொறியின் பெயரைப் பார்த்து அமையாது, அதன் எப்பகுதியை எது காக்கின்றது என்று அறிவதே அறிவு. அறிந்தபின் கண்ணை அகற்றாதிருத்தல் கடமை. இதனை மிளகாய்த் தோட்டத்திற் தவறவிட்ட யான், கடற்கரையிற் கற்றுக்கொண்டேன்.