பாய்மர உச்சியில் ஒரு சின்ன விளக்கு!

பல்பை மாற்றினால் போதுமா? நிறம் மாறினால் உயிருக்கு ஆபத்து!

நடுநிசி. நடுக்கடல். நிலா இல்லை.

ஒரு பாய்மரப் படகு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. தூரத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் வருகிறது.

கப்பலில் இருப்பவர் கண்ணுக்குப் படகு தெரியாது. பாயும் தெரியாது. பாய்மரத்தின் உச்சியில் எரியும் ஒரு சின்ன விளக்குதான் தெரியும்.

அந்த விளக்கைப் பார்த்துத்தான் அவர் கப்பலைத் திருப்ப வேண்டும். விளக்கு தப்பாக எரிந்தால் என்ன ஆகும்?

படகு நொறுங்கும். உயிர் போகும்!

ரெயிலும் படகும்

விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்திருப்பீர்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி என்று பல பக்கங்களிலிருந்தும் அங்கே ரெயில்கள் வருகின்றன. அத்தனை ரெயில்களுக்கும் வழி சொல்வது சிக்னல். சிவப்பு என்றால் நிற்க வேண்டும். பச்சை என்றால் போகலாம்.

கடலில் தண்டவாளம் இல்லை. சிக்னல் கம்பமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு படகும் தன் சிக்னலைத் தானே சுமந்துகொண்டு போகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடலில் சிவப்பு என்றால் "நில்" என்று பொருள் அல்ல. "இது என் இடது பக்கம்" என்று பொருள். பச்சை என்றால் வலது பக்கம். வெள்ளை என்றால் பின்பக்கம்.

சிவப்பு மட்டும் தெரிந்தால், அந்தப் படகு நமக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால், இடமிருந்து வலமாகப் போகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்? நம்மை நோக்கி நேராக வருகிறது. ஜாக்கிரதை!

இது உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம். 1972-ம் ஆண்டில் பல நாடுகள் கூடி இதை ஏற்றுக்கொண்டன. 1977 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஒரே கூண்டில் மூன்று நிறம்

20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகுக்கு ஒரு சலுகை உண்டு. மூன்று நிறத்தையும் ஒரே கூண்டில் அடைத்து, பாய்மர உச்சியில் வைக்கலாம். உள்ளே ஒரே ஒரு பல்பு. சுற்றிலும் மூன்று நிறக் கண்ணாடி.

முழு வட்டம் 360 டிகிரி. அதில் சிவப்புக்கு 112½. பச்சைக்கு 112½. வெள்ளைக்கு 135. கணக்கு சரியாக இருக்கிறது அல்லவா?

படகில் இயந்திரம் ஓடும்போது இந்த விளக்கைப் போடக்கூடாது. போட்டால், "பாயில் மட்டும் போகிறேன்" என்று பொய் சொன்னது போல் ஆகும். அப்போது கீழே உள்ள வேறு விளக்குகளை ஏற்ற வேண்டும்.

பழைய கடற்கரை

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். உப்பளங்களைத் தாண்டினால் வங்காள விரிகுடா.

இது பாய்மரக் கப்பல்களுக்குப் பழகிய கரை. சங்க காலத்தில் ஓய்மா நாட்டை நல்லியக்கோடன் ஆண்டான். அவனைப் பாடும் நூல் சிறுபாணாற்றுப்படை. அவனுடைய கிடங்கில் நகரம் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அவனுடைய எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் விளக்கு கரையில் எரிந்தது. அதைப் பார்த்துக் கப்பல்கள் வந்தன. இன்று விளக்கு படகிலும் எரிகிறது.

பக்கத்து ஊரான புதுச்சேரியைச் சேர்ந்தவர் ரூபா. கடற்படை அதிகாரி. இவரும் தில்னா என்ற அதிகாரியும், 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் புறப்பட்டார்கள். 2025 மே 29-ந் தேதி கோவாவுக்குத் திரும்பினார்கள்.

படகின் நீளம் 56 அடிதான். படகில் இருந்தது இரண்டே பெண்கள். பல இரவுகளை அவர்கள் கடலில் கடக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பயணத்தில் விளக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்.இ.டி. எதற்கு?

பாய்மரப் படகில் மின்சாரம் சிக்கனமாகத்தான் கிடைக்கும். எல்லாம் பேட்டரியில் இருந்து வர வேண்டும்.

பழைய பல்பு 25 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். 12 மணி நேரம் எரிந்தால் 25 ஆம்பியர்-மணி காலி.

எல்.இ.டி. விளக்குக்கு 2½ வாட் இருந்தால் போதும். அதே இரவுக்கு 2½ ஆம்பியர்-மணிதான் ஆகும். பத்தில் ஒரு பங்கு! இழை அறுந்துபோகும் தொல்லையும் இல்லை. அடிக்கடி பாய்மரத்தில் ஏறும் வேலையும் குறையும்.

ஆகவே பலரும் பழைய பல்பைக் கழற்றி, அதே கூண்டில் எல்.இ.டி.யைச் செருகுகிறார்கள். இங்கேதான் ஆபத்து!

பச்சை ஏன் வெளுக்கிறது?

வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கு. அதன் மேல் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வெளிச்சத்தில் நீலம் அதிகம். சிவப்பு குறைவு. பழைய பல்பில் சிவப்பு அதிகம். கூண்டின் கண்ணாடி பழைய பல்புக்காகச் செய்யப்பட்டது.

அதற்குள் வெள்ளை எல்.இ.டி.யை வைத்தால் சிவப்பு மங்கிப்போகும். பச்சை, நீலம் கலந்து வெளுத்துத் தெரியும்.

தூரத்தில் வரும் கப்பல்காரர் வெளுத்த பச்சையை வெள்ளை என்று நினைக்கலாம். "படகு நமக்கு முன்னால் விலகிப் போகிறது" என்று எண்ணுவார். படகோ குறுக்கே வந்துகொண்டிருக்கும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய பல்பின் இழை மெல்லியது, செங்குத்தானது. அதனால் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பச்சை தொடங்கும். பருமனான எல்.இ.டி. பல்பில் நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்.

சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் தனித்தனியாக உள்ள எல்.இ.டி. பல்புகள் இருக்கின்றன. அவை நல்லவை. ஆனால் திருப்பி மாட்டினால் போச்சு! பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எரிந்தால் வெளியே இருட்டுதான் தெரியும்.

கூண்டோடு சேர்த்து, சோதித்துச் சான்று பெற்ற புதிய எல்.இ.டி. விளக்கை மாட்டுவதே எல்லாவற்றிலும் பத்திரம்.

ரேடியோவும் ஊமையாகலாம்

பாய்மர உச்சியில் விளக்கு மட்டும் இல்லை. ரேடியோவின் ஏரியலும் அங்கேதான் இருக்கிறது. மட்டமான எல்.இ.டி.க்குள் இருக்கும் மின்சாதனம் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. விளக்கு எரியும்போது உதவிக்குக் கூப்பிட முடியாமல் போகலாம்!

கண்டுபிடிப்பது சுலபம். யாரும் பேசாத சேனலுக்கு ரேடியோவைத் திருப்புங்கள். இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் குமிழைத் திருகுங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். மறுபடியும் இரைச்சல் வந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

மீனவர்களுக்கும் இது பொருந்தும்

எக்கியார்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகில், சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், சிவப்பு, பச்சை விளக்குகளும் வைத்துக்கொள்ளலாம்.

"எல்.இ.டி.க்குத் தடை உண்டே?" என்று கேட்கலாம். 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது, எல்.இ.டி. வெளிச்சத்தைக் காட்டி மீன்களைக் கூட்டிப் பிடிப்பதைத்தான். வழி காட்டும் விளக்கு வேறு. அதற்குத் தடை இல்லை.

மாட்டும் முன் சோதனை

பாய்மரத்தில் ஏறுவதற்கு முன் தரையிலேயே சோதித்துவிட வேண்டும். இரவில் கூண்டை ஒரு பேட்டரியில் இணைத்து மணலில் வையுங்கள். கொஞ்ச தூரம் தள்ளி நின்று, அதைச் சுற்றி நடந்து வாருங்கள். சிவப்பு சிவப்பாக இருக்கிறதா? பச்சை பச்சையாக இருக்கிறதா? எங்கே மாறுகிறது?

பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டிவிட வேண்டும். மழைநீர் புகாமல் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

ஏறுகிறவர் ஒரு கயிற்றை நம்பக்கூடாது. இரண்டு கயிறு வேண்டும்.

வீட்டில் பல்பு போனால் இருட்டு. அவ்வளவுதான். கடலில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. அது உண்மையைச் சொல்ல வேண்டும். கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த உண்மைதான் காவல்.