ஹைப்ரிட் காரின் பாட்டரியைப் பேணும் முறை

பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் ஹைப்ரிட் கார்கள் இன்று புதுமையல்ல. ஜப்பானில் 1997ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் இவ்வகையில் முன்னோடி. இத்தகைய காரைப் பழையதாக வாங்குவோர்க்குப் பெருஞ்செலவு வைப்பது அதன் பாட்டரியே. வீட்டிலேயே மின்னேற்றி அதனைச் சீராக்கலாம் எனக் கேள்வியுற்றுச் சிலர் முயல்கின்றனர். முறையறிந்து செய்தால் அது பயன் தரும். அறியாது செய்தால் உயிருக்கே அபாயம்.

பாட்டரியின் அமைப்பு

இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் நிக்கல் பாட்டரியில் 28 பெட்டிகள். பெட்டி ஒன்றுக்கு 6 கலங்கள். ஆக 168 கலங்கள். கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் மொத்தம் 201.6 வோல்ட். இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் இளைத்த மாட்டின் நடையே வண்டியின் நடையாவது போல, நலிந்த கலத்தின் அளவே முழு பாட்டரியின் அளவாகிவிடும்.

கலங்கள் ஏன் ஏற்றத்தாழ்வு அடைகின்றன? நெடுநாள் உழைக்கும்பொருட்டு, காரின் கணினி பாட்டரியை முழுவதும் நிரப்புவதுமில்லை; முழுவதும் வடிய விடுவதுமில்லை. ஆதலின் எல்லாக் கலங்களும் ஒருசேர நிறையும் வாய்ப்பே இல்லை. நடுவிலுள்ள பெட்டிகள் அதிகம் சூடேறி விரைவில் நலிகின்றன. மின்னளவு காட்டும் முள் திடீரென ஏறி இறங்குவதும், பெட்ரோல் செலவு கூடுவதும் இதன் அறிகுறிகள்.

சீராக்கும் வழி

மிகக் குறைந்த மின்னோட்டத்தை நெடுநேரம் செலுத்துவதே வழி. பாட்டரியின் கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. சுமார் 0.35 ஆம்பியர் செலுத்தினால், முன்னரே நிறைந்த கலங்கள் மிகுதியைச் சிறு வெப்பமாக்கி வெளிவிடும். பின்தங்கியவை மெல்ல நிறைந்து சமமாகும். இதற்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். கலம் ஒன்றுக்குச் சுமார் 1.4 வோல்ட், அதாவது மொத்தம் 235 வோல்ட் அளவை எட்டி, மேலும் ஏறாது நின்றால் வேலை முடிந்ததெனக் கொள்ளலாம். அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டினால் கலம் வெந்துவிடும். மணிக்கொருமுறை வோல்ட்டையும் வெப்பத்தையும் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று.

காக்க வேண்டியவை

முதலாவது, மின்னதிர்ச்சி. வீட்டு மின்சாரத்தைச் சுவிட்சால் நிறுத்தலாம். பாட்டரியை நிறுத்த இயலாது. பின்புறமுள்ள பாதுகாப்புச் செருகியைக் கழற்றினாலும், பாட்டரிக்குள் மின்னழுத்தம் இருந்தே தீரும். செருகியைக் கழற்றியபின் பத்து நிமிடமேனும் பொறுத்தே மூடியைத் தொட வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை அவசியம். ஊதிப் பார்த்து ஓட்டையில்லை எனத் தெரிந்தே அணிக. மோதிரம், கைக்கடிகாரம் ஆகா. தனியே வேலை செய்தலும் ஆகாது. கம்பிகளை இணைக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுதல் நலம்.

இரண்டாவது, கருவி. வீட்டு மின்சாரத்தை நேராக மாற்றிப் பாட்டரியில் கொடுப்பது கொடிய தவறு. காரின் உடலிலேயே மின்சாரம் பாயக்கூடும். இதற்கென அமைந்த, வீட்டு மின்சாரத்தினின்று மின்மாற்றியால் பிரிக்கப்பெற்ற சார்ஜரையே கொள்க. கடைகளில் விற்கும் சாதாரண சார்ஜர், காரிலுள்ள 12 வோல்ட் சிறு பாட்டரிக்கு மட்டுமே உரியது.

மூன்றாவது, வெப்பமும் வாயுவும். நிறைந்த கலத்தினின்று எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வெளிவரலாம். காற்றோட்டமுள்ள இடத்தில், பாட்டரியின் விசிறி ஓடும்படி செய்த பின்னரே தொடங்குக. வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டினால் உடனே நிறுத்துக. இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்வது கூடாது.

லித்தியம் வேறு

மேற்கூறியது நிக்கல் பாட்டரிக்கே பொருந்தும். லித்தியம் பாட்டரி மிகையேற்றத்தைப் பொறுக்காது, தீப்பற்றும். அதன் கலங்களைச் சமன் செய்யும் பொறுப்பு அதற்கெனவுள்ள மின்சுற்றுக்கு உரியது. நாம் கை வைத்தலாகாது. எனவே தம் கார் எவ்வகையென முதலில் கையேட்டைப் பார்த்துத் தெளிக.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. மெலிந்த கலத்தை இம்முறை தேற்றும்; செத்த கலத்தை எழுப்பாது. ஏற்றி முடித்துச் சில நாள் சென்றும் ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றினும் 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்து நின்றால், அதனை மாற்றுவதே வழி. அந்நிலையில் மீண்டும் மீண்டும் மின்னேற்றுவது வீண் செலவேயாகும்.