தகுதி முக்கியம்தான்... ஆனா எந்தத் தகுதி?

போன வாரம் கேன்டீனில் ஒரு சின்ன சண்டை. எங்க டிபார்ட்மெண்ட் அக்கா ஒருத்தங்க ராணுவத்தின் ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் என்ட்ரிக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. தினமும் விடியற்காலையில் கிரவுண்டில் ஓடுறாங்க. அதைப் பத்திப் பேச்சு வந்தப்போ ஒருத்தன் சொன்னான்: "அவங்களுக்கென்ன மச்சி, பொண்ணுங்களுக்கு ஓடுற டைமே தனி. தகுதியைக் குறைச்சு உள்ளே எடுக்குறாங்க. நாளைக்குப் போர்னு வந்தா எதிரி டைம் குறைப்பானா?"

பாதிப் பேர் சிரிச்சோம். நானும்தான். அந்த அக்கா ரெண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாங்கன்னு அப்புறம்தான் கவனிச்சேன். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒண்ணு சொல்லிடறேன். அவன் கேட்டது தப்பான கேள்வி இல்லை. ராணுவத்தில் ஒருத்தரோட உயிர் பக்கத்தில் இருக்கறவர் கையில்தான் இருக்கு. அதனால் 'தகுதியைக் குறைக்காதே' என்பது நியாயமான கோரிக்கை. ஆனா 'தகுதி' என்று நாம சொல்வது ஒரே பொருள் இல்லை. அங்கேதான் குழப்பம்.

ரெண்டு வகை டெஸ்ட்

உடற்தகுதித் தேர்வு ரெண்டு காரணத்துக்காக நடக்கும். ஒண்ணு, ஆள் ஆரோக்கியமா இருக்காரா என்று பார்க்க. 45 வயதுக்காரருக்கும் 22 வயதுக்காரருக்கும் இங்கே ஒரே நேரம் வைக்க மாட்டார்கள். அதை யாரும் சலுகை என்று கிண்டல் பண்ணுவதில்லை. இன்னொண்ணு, குறிப்பிட்ட வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்க. 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை 40 கிலோவுக்கு மேல். தூக்குவது ஆணா பெண்ணா என்று குண்டுக்குத் தெரியாது. இங்கே எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருப்பதுதான் சரி.

அமெரிக்கத் தரைப்படை இந்த ரெண்டுக்கும் நடுவில் பல வருஷம் அல்லாடியது. எல்லாருக்கும் ஒரே அளவு என்ற யோசனையோடு வடிவமைத்த புதுத் தேர்வை, 2022-ல் வயது, பாலினம் பார்த்து மதிப்பெண் தருவதாக மாற்றியது. 2025 ஜூனில் மறுபடி மாற்றம்: 21 போர்ப் பிரிவு வேலைகளுக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு, மற்ற வேலைகளுக்குப் பழையபடி.

உடல் வலிமையில் வித்தியாசமே இல்லை என்று சொன்னால் அது பொய். அமெரிக்க மரைன் படை 2015-ல் வெளியிட்ட சோதனை முடிவில், ஆண்கள் மட்டும் இருந்த குழுக்கள் 69 சதவீதப் பணிகளில் கலப்புக் குழுக்களை முந்தின. அதே 2015 ஆகஸ்டில், அந்நாட்டின் மிகக் கடினமான ரேஞ்சர் பயிற்சியை இரண்டு பெண் அதிகாரிகள் முதல்முறையாக முடித்தார்கள். ரெண்டுமே உண்மை. முதலாவது சராசரியைப் பற்றியது. இரண்டாவது தனிமனிதரைப் பற்றியது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாம சராசரியை எடுப்பதில்லை, ஒரு ஆளைத்தான் எடுக்கிறோம்.

சராசரி விமானி யார்?

இது நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்கான பகுதி. 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. காக்பிட்டை 'சராசரி' விமானிக்கு ஏற்ப வடிவமைக்கணும் என்பது திட்டம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் உயரம், மார்பளவு, கை நீளம் என 10 அளவுகளை எடுத்துப் பார்த்தார். பத்திலும் சராசரிக்குள் வந்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்லை!

விமானிகளை மாற்றுவதற்குப் பதில் இருக்கையை மாற்றினார்கள். முன்னே பின்னே நகர்த்தும் சீட், நீளம் மாற்றும் பெடல், இறுக்கிக் கட்டும் ஹெல்மெட் பட்டை. அன்றைக்கு அந்த விமானிகள் எல்லாருமே ஆண்கள்தான். அதாவது, கருவியைத் திருத்துவது பெண்களுக்குக் கொடுத்த சலுகையாகத் தொடங்கவே இல்லை. ஒருத்தர் 'தகுதியில்லை' என்று ஆகும்போது, குறை ஆளிடமா அளவுகோலிலா என்று கேட்பது அடிப்படை இன்ஜினியரிங்.

நம்ம ஊர் கதை

1992-ல் இந்தியத் தரைப்படை, மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியேயும் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது. பயிற்சி நம்ம சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் அவர்களுக்கு நிரந்தரப் பணி இல்லை. 2020 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தரச் சொன்னது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ராணுவம் 615 பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தது. ஆண்களுக்கு உள்ள அதே மருத்துவத் தகுதி, அதே மதிப்பீடு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஆண்களை நிரந்தரப் பணிக்குச் சோதித்தது 5 முதல் 10 வருட சர்வீஸில், இளம் வயதில். இந்தப் பெண்களைச் சோதித்ததோ பலருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு. அவர்களுடைய ஆண்டு ரகசிய அறிக்கைகளும், 'இவங்களுக்கு எப்படியும் நிரந்தரம் இல்லை' என்று இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. பின்னாளில் அவர்கள் வாங்கிய பதக்கம், பாராட்டு எதுவும் கணக்கில் வரவில்லை.

2021 மார்ச் 25-ல் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. 60 சதவீத மதிப்பெண் என்ற வரம்பை நீதிமன்றம் தொடவில்லை. அளந்த விதத்தைத்தான் திருத்தியது.

கோட்டா யாருக்கு?

2025 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3 இடம் என்று பிரித்திருந்தார்கள். தேர்வான சில ஆண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண்கள் வெளியே நின்றார்கள். வேலையோ இருவருக்கும் ஒன்றேதான். உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ரத்து செய்து, பொதுவான தகுதிப் பட்டியல் போடச் சொன்னது. இங்கே கோட்டாவால் பயன் அடைந்தது யார் என்று நீங்களே சொல்லுங்க.

காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. திறக்கலாமா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனா விவாதிக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த அளவுகோல் அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா? எல்லாரையும் ஒரே கட்டத்தில், ஒரே மாதிரி அளந்தாங்களா? பாஸ் பண்ணினவரை உள்ளே விடறாங்களா? மூணுக்கும் 'ஆமா' என்றால் அது தகுதி. இல்லைன்னா அது வெறும் பழக்கம்.

மறுநாள் காலையில் நானும் கிரவுண்டுக்குப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுடா, வந்ததுக்கு ரெண்டு ரவுண்டு ஓடு"ன்னாங்க. ஓடினேன். ரெண்டாவது ரவுண்டிலேயே அவங்க என்னைத் தாண்டிப் போயிட்டாங்க.