பூனைக்கும் வரும் சர்க்கரை நோய்... வீட்டிலேயே ஊசி போட்டுப் பராமரிப்பது எப்படி?

கிண்ணத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. பாத்ரூம் தரையில் தேங்கிய தண்ணீரையும் பூனை நக்கிக் குடிக்கிறது. லிட்டர் பாக்ஸில் மணலை முன்பைவிட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. வைத்த சாப்பாட்டை எல்லாம் தின்றுவிட்டு, 'இன்னும் போடு' என்று காலையே சுற்றிவருகிறது. ஆனால், மடியில் தூக்கி வைத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது.

"வெயில் காலம்ல... அதான் தண்ணி குடிக்குது" என்று பல வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதே அறிகுறிகள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இருந்தால், மறுநாள் காலையே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருப்பார்கள்.

பூனைக்கும் சர்க்கரை நோய் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். முறையாகக் கவனித்தால், பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. அந்தக் கவனிப்பில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில்தான் நடக்கிறது.

எந்தப் பூனைகளுக்கு வரும்?

நடுத்தர வயதைத் தாண்டிய, உடல் பருத்த பூனைகளுக்கு இது அதிகம் வருகிறது. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள், வெளியே போகாமல் தின்று தூங்கும் பூனைகள், வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுத்த பூனைகள் ஆகியவற்றுக்கும் ஆபத்து அதிகம். மனிதர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோயைப் போன்றதுதான் இது. இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக வேலை செய்யாது. நாளடைவில் சுரப்பும் குறைந்துவிடும்.

நோய் முற்றினால் சில பூனைகளின் நடையே மாறிவிடும். வழக்கமாக விரல்களை ஊன்றி நடக்கும் பூனை, பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம் அது.

பயந்தாலும் சர்க்கரை ஏறும்!

பூனைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காக்கவைத்தால், அந்தப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். அதனால், கிளினிக்கில் எடுக்கும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடந்த இரண்டு, மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும் 'ஃப்ரக்டோசமைன்' பரிசோதனையும் உதவும்.

வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது. பூனையின் காது ஓரத்தில் ஊசியால் லேசாகக் குத்தினால் வரும் ஒரு துளி ரத்தம் போதும். ஆனால், மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர், பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டரைப் பயன்படுத்துவது, எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் சாப்பாடு, பிறகுதான் ஊசி

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு இரண்டு முறை இன்சுலின் தேவைப்படும். காலை 7 மணி, இரவு 7 மணி என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஊசி என்றதும் பயப்படுபவர்கள்தான் அதிகம். ஆனால், இன்சுலின் ஊசி மிக மெல்லியது. கழுத்துக்குப் பின்னாலோ விலாப் பக்கத்திலோ தளர்வாக இருக்கும் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் போட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைகளில் பல, ஊசி போட்டதையே கண்டுகொள்வதில்லை.

ஊசியைவிட முக்கியம், அதற்கு முன்பு பார்க்க வேண்டியது. பூனை சாப்பிட்டதா? சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால், ஊசி போடும் முன் டாக்டருக்கு போன் செய்ய வேண்டும்.

கூட்டுக் குடும்பங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அம்மா ஊசி போட்டது தெரியாமல், வேலை முடிந்து வந்த மகன் மறுபடியும் போட்டுவிடலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், ஊசி போட்டவுடன் நேரத்தை எழுதி டிக் அடிப்பது எளிய தீர்வு. 'போட்டோமா, இல்லையா?' என்று சந்தேகம் வந்தால், அந்த வேளை ஊசியை விட்டுவிடுவதே பாதுகாப்பு. ஒரு வேளை விட்டுப்போனால் சர்க்கரை கொஞ்சம் ஏறும். இரண்டு முறை போட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வலிமைகளில் இன்சுலின் கிடைக்கிறது. சிரிஞ்சும் அப்படியே. பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் '1' என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். பெரிய மனிதருக்கே இது தவறு. நாலைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு உயிர் ஆபத்து. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், பாட்டிலிலும் சிரிஞ்சிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் பாட்டியின் மருந்தும் பூனையின் மருந்தும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும். எதையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும், வெந்தயத் தண்ணீர் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். பூனைகளுக்கென்றே இரண்டு வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022, 2023-ம் ஆண்டுகளில் அனுமதி கிடைத்திருக்கிறது. இதற்கு முன் இன்சுலின் போடாத பூனைகளுக்கு மட்டுமே அவை பொருந்தும். டாக்டரின் கண்காணிப்பும் அவசியம்.

தள்ளாடினால் தாமதிக்காதீர்கள்

திடீரென்று தள்ளாடுவது, உடல் நடுங்குவது, கூப்பிட்டால் கவனிக்காமல் வெறித்துப் பார்ப்பது, வலிப்பு... இவை சர்க்கரை இறங்கியதன் அடையாளங்கள். விழுங்க முடிகிறது என்றால் உடனே சாப்பிடக் கொடுக்கலாம். முடியாவிட்டால், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறி மூச்சடைத்துவிடும்.

தயிர் சாதத்துக்குத் தடை

பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணும் பிராணி. நம்மூர் வீடுகளில் பால் சாதம், தயிர் சாதம், மீன் குழம்பு பிசைந்த சோறு என்று வளர்ந்திருக்கும். சர்க்கரை நோய் வந்த பூனைக்குச் சோற்றின் மாவுச்சத்து ஆகாது. குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் எந்தப் பூனைக்குமே நஞ்சு. புரதம் அதிகமாகவும் மாவுச்சத்து குறைவாகவும் உள்ள, பவுச்சில் வரும் ஈரமான உணவுகளைத்தான் டாக்டர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால், இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டரிடம் சொல்லாமல் உணவை மாற்றக் கூடாது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவே அதிகமாகிவிடும். எடையைக் குறைக்கிறோம் என்று பட்டினி போடுவதும் தவறு. குண்டுப் பூனை சில நாள்கள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சீக்கிரமே கண்டுபிடித்து, இன்சுலினையும் உணவையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. நோய் மறுபடி எட்டிப் பார்க்கலாம் என்பதால், கவனிப்பை மட்டும் நிறுத்தக் கூடாது.

கல்யாணத்துக்கு ஊருக்குப் போகணுமே..?

இரண்டு வேளை ஊசி என்றால் பொங்கலுக்குக்கூட ஊருக்குக் கிளம்ப முடியாதே என்ற கவலை நியாயமானது. செலவும் உண்டு. வீட்டில் ஒருவர் மட்டும் சுமந்தால் சீக்கிரம் சலித்துப் போகும். குறைந்தது இரண்டு பேராவது ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் பூனையிடம் பாசமாக இருக்கும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்தால் அவசரத்துக்கு உதவும்.

'முடியாது' என்று தெருவில் கொண்டுபோய் விடுவது தீர்வல்ல. இன்சுலின் தேவைப்படும் பூனை அங்கே மெல்ல மெல்லச் செத்துப்போகும். சிரமம் என்றால் டாக்டரிடம் மனம் திறந்து பேசலாம். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

உங்கள் வீட்டுப் பூனையின் தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா? வெயில் மீது பழி போடும் முன், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.