சிறு வானூர்தியின் கடுந்தரையிறக்கமும் அதன் விபத்தாய்வும்

கடுந்தரையிறக்கம் என்பது ஒரு வானூர்தி வழக்கத்தைவிட மிகுந்த கீழிறங்கு வேகத்தில் ஓடுதளத்தைத் தொடுவதாகும். தனியார் வைத்திருக்கும் சிறு வானூர்திகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. பெரும்பாலும் யாருக்கும் காயம் இருக்காது. ஆனால் வெளியே தெரியாத சேதத்துடன் அதே வானூர்தி மறுநாள் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு பறக்கக்கூடும். இதை ஆராய வேண்டியிருப்பதற்கு முக்கியக் காரணம் அதுவே.

அமெரிக்காவில் நெடுங்காலம் நடப்பிலிருந்த சிறு வானூர்தி வடிவமைப்பு விதிகளின்படி, சக்கரக்கால்கள் எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் ஏற்ப நொடிக்கு 7 முதல் 10 அடி வரையிலான கீழிறங்கு வேகத்தைத் தாங்க வேண்டும். நொடிக்கு 10 அடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர். பள்ளியில் படித்த, தடையின்றி விழும் பொருளுக்கான சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 46 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் அது. ஒரு நாற்காலியின் உயரம்தான்!

உலகில் 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட செஸ்னா 172 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமானி தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் வந்து இறங்கினால் வானூர்தி தரையில் பட்டுத் துள்ளும். பதற்றத்தில் அவர் மூக்கைக் கீழே அழுத்துவார். அடுத்த முறை மூக்குச் சக்கரம் முதலில் மோதும்; மீண்டும் துள்ளும். கடலில் ஓங்கில் எழும்பி மூழ்குவது போன்ற இந்தத் துள்ளல் ஒவ்வொரு முறையும் கடுமையாகும். மூக்குச் சக்கரக்கால், எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புத் தகட்டோடு இணைந்திருப்பதால் அந்தத் தகடு நெளிந்துவிடும். எஞ்சின் மூடியைத் திறக்காமல் பார்த்தால் இது கண்ணில் படாமலே போகலாம்.

இந்த நெளிவுக்குச் சட்டத்திலும் முக்கியத்துவம் உண்டு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விதிகளில் சக்கரக்கால், டயர், பிரேக், இறக்கை நுனி ஆகியவற்றின் சேதமோ, உந்துவிசிறி தரையில் பட்டு வளைவதோ ‘கணிசமான சேதம்’ ஆகாது. ஆகவே யாருக்கும் கடுங்காயம் இல்லையென்றால் அது விபத்தாகக் கருதப்படாது. ஆனால் வானூர்திக் கட்டமைப்பின் வலிமை குறைந்து பெரும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டால் அது விபத்து. தீத்தடுப்புத் தகடு நெளிவது பெரும்பாலும் இந்த வகையில் சேரும். அப்போது வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும்.

பெரிய பயணியர் வானூர்திகளில் இருப்பது போன்ற கருப்புப் பெட்டி சிறு வானூர்திகளில் பொதுவாக இருக்காது. எனவே ஓடுதளத்தையே படிக்க வேண்டும். டயர் தடங்கள் எங்கே தொடங்குகின்றன, எங்கே மறைந்து மீண்டும் தோன்றுகின்றன என்பது எத்தனை முறை துள்ளியது என்று சொல்லும். உந்துவிசிறியின் அலகுகள் தரையில் வெட்டிய கீறல்கள் இன்னும் சுவையான சான்று. இரண்டு அலகுள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றால் நொடிக்கு 40 கீறல்கள் விழும். வானூர்தி நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் சென்றால் கீறல்களுக்கு இடையே 70 செ.மீ. இருக்கும். அதே வேகத்தில் இடைவெளி 35 செ.மீ. என்றால் சுழற்சி 2,400. அதாவது விமானி எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் மேலெழ முயன்றிருக்கலாம். ஓர் அளவு நாடா இவ்வளவு சொல்லிவிடுகிறது!

இவற்றுடன் அந்நேரக் காற்றின் திசையும் வேகமும், ஏற்றியிருந்த எடை, ஃபிளாப்களின் நிலை, விமானியின் பறப்புக் குறிப்பேடு, ஜிபிஎஸ் கருவியின் பதிவுகள் ஆகியவையும் பார்க்கப்படும். பல அறிக்கைகள், துள்ளலிலிருந்து விமானி சரியாக மீளவில்லை என்று சொல்லி முடிந்துவிடும். அவர் ஏன் அவ்வளவு வேகமாக வந்தார், ஏன் மீண்டும் மேலெழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கையே மாணவ விமானிகளுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஆய்வின் நோக்கம் பழி சுமத்துவது அன்று என்று பன்னாட்டு வான்பயண உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பும் கூறுகிறது. வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்குகளில் சான்றாகப் பயன்படுத்தவும் அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

விபத்தாகக் கணக்கிடப்படாவிட்டாலும், உந்துவிசிறி தரையில் மோதியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கக் கூடாது. மோதலின் அதிர்ச்சி எஞ்சினுக்குள் இருக்கும் வணரித்தண்டு வரை செல்லும். அதில் ஏற்படும் நுண்விரிசல் பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு நடுவானில் முறிவாக வெளிப்படலாம். லைகமிங் போன்ற எஞ்சின் தயாரிப்பாளர்கள் அத்தகைய மோதலுக்குப் பின் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்கும்படி அறிவுறுத்துகின்றனர்.